வடகடல் நண்டு

ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. மண்டபம் வடகரையில் விசைப்படகுகளுக்குப் பெயின்ட் அடித்து முடித்துவிட்டார்கள். வலை பொத்துகிறவர்கள் இரவிலும் விளக்கு போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. ஒரு தூண்டில் கம்பு, ஒரு சுருள் தங்கூசி, நாலு ஈயக்குண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு என் தொழில்கருவி இவ்வளவுதான். ஆனாலும் நண்டுக்காக நானும் காத்திருக்கிறேன்.

தூண்டில் போடும் நண்பர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. கச்சான் காற்று பிடித்துவிட்டது. தென்கடல் பக்கம் போகாதீர்கள். அலையில் ஈயம் நிற்காது, தண்ணீரும் கலங்கல். வடகடல் கரையில் நின்றால் காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வரும், வீச்சு தூரம் போகும். விடியற்காலையில் இறால் துண்டு கோர்த்துப் போட்டால் கிழங்கான் கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் பாரையும் வரும். ஐப்பசிக்கு மேல் வாடை தொடங்கினால் எல்லாம் தலைகீழ். ஒரு கடல் கோபித்துக்கொண்டால் இன்னொரு கடலுக்கு நடந்தே போய்விடலாம். இந்த வசதி எத்தனை ஊருக்கு உண்டு?

இனி நண்டு கதை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனபோது எனக்கு ஒன்பது வயது. அந்தக் காலத்தில் எங்கள் கரையில் நண்டுக்கு மரியாதை கிடையாது. மீன் வலையில் நண்டு சிக்கினால் வலைகாரருக்கு எரிச்சல்தான் வரும். பருத்தி நூல் வலை. கொடுக்கால் நூலை அறுத்துவிடும், பிரித்தெடுக்க நேரமாகும். பாதி நேரம் காலை ஒடித்து மணலில் எறிந்துவிடுவார்கள். நானும் தம்பியும் பனையோலைப் பெட்டியோடு நின்று பொறுக்கிக்கொண்டு வருவோம். காசு கொடுத்து நண்டு வாங்கியதாக அம்மா சொன்னதே இல்லை. மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைப்பார். சளிக்கு அதுதான் மருந்து.

பிறகு நைலான் வலை வந்தது. இறாலுக்காக விசைப்படகுகள் பெருகின. மடி இழுத்த இழுப்பில் நாட்டுப்படகுக்காரர்களின் வலைகள் அறுந்தன, கடலிலும் கரையிலும் சண்டை வந்தது. கடைசியில் நாளைப் பங்கு போட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. 1983-இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நண்டு அப்போதும் கணக்கில் இல்லை.

தொண்ணூறுகளில்தான் நீலக்கால் நண்டுக்கு யோகம் அடித்தது. அவித்து, சதையை உரித்து, டப்பாவில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். உரிக்கும் கூடங்களில் நம்மூர்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். வீட்டுச் செலவுக்கு அவர்கள் கையில் முதல்முறையாகக் காசு புரண்டது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நண்டுக்கென்றே வலை வந்தது. கண் சிறுத்தது. உள்ளங்கையளவு குஞ்சும் தப்பவில்லை.

அந்த நாட்களில் நான் ஒரு தவறு செய்தேன். சென்னையிலிருந்து எங்கள் மேலதிகாரி வந்திருந்தார். "சினை நண்டாகப் பார்த்து வாங்குங்கள்" என்றார். வடகரையில் ஒரு பெரியவரிடம் போய், அடிவயிற்று மடலில் மஞ்சள் முட்டை அப்பியிருந்த பெட்டைகளாகப் பொறுக்கினேன். அவர் தடுக்கவில்லை. கூடையைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "சார், இது ஒண்ணொண்ணுலயும் எத்தனை ஊருக்கு நண்டு இருக்கு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது. பிறகு மண்டபம் முகாமில் உள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த நண்பர் சொன்னார்: ஒரு பெட்டை லட்சக்கணக்கில் முட்டை சுமக்கும்; மஞ்சளாக இருக்கும் முட்டை பொரிக்கும் நேரத்தில் கறுத்துவிடும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகள் தங்கிய இடம் அந்த முகாம். 1949-இல் ஆராய்ச்சி நிலையம் அங்கே வந்தது. அத்தனை வருடம் அதன் பக்கத்திலேயே குடியிருந்தும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

தடைக்காலம் 2001-இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாளாக நடக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வடகடலில் நண்டு வருடம் முழுவதும் சினை பிடிக்கும்; பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. தடை விசைப்படகுக்குத்தான், கரையோர நண்டு வலைக்கு இல்லை. ஆகவே சினை நண்டு தப்புவது வலையைப் பிரிக்கிறவர் மனதிலும், வாங்குகிற நம் மனதிலும்தான் இருக்கிறது.

போன மாதம் என் தூண்டில் இரையைக் கவ்விக்கொண்டே ஒரு பெட்டை கரைவரை வந்தது. மடலில் முட்டை கறுத்திருந்தது. பேரன் வாளியை நீட்டினான். நான் தண்ணீரில் விட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை அவன்.

முதல் படகுகள் திரும்பும் காலையில் அவனையும் கூட்டிக்கொண்டு வடகரைக்குப் போகிறேன். ஒவ்வொரு நண்டாக மடலைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவேன். வியாபாரி முகம் சுளிப்பார். அவருக்கும் எனக்கும் அது பழகிவிட்டது.