ரம்பம் போன வழி

எட்வர்ட் மங்க்கின் ‘தனித்தவர்கள்’ என்ற மரச்செதுக்கு 1899-இல் செய்யப்பட்டது. கடற்கரையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் முதுகு காட்டி நிற்கிறார்கள். முகம் தெரியாததால் முகபாவம் என்று பேச எதுவுமில்லை. இருந்தும் தனிமை அதில் கனக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதே என் கேள்வி.

கொஞ்சம் சரித்திரம் தேவைப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மரம் பத்திரிகைகளின் ஏவலாள். யாரோ வரைந்ததைக் கடினமான கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் நுணுக்கமாகச் செதுக்கித் தருவது அதன் உத்தியோகம். மரம் மரமாகத் தெரிந்தால் அது குறை. நூற்றாண்டின் இறுதியில் புகைப்பட பிளாக்குகள் வந்து அந்த உத்தியோகத்தைப் பறித்துக்கொண்டன. அதன்பிறகுதான் மரம் தன் குரலில் பேச முடிந்தது. டாஹிட்டியிலிருந்து திரும்பிய கோகன் 1893-94-இல் கட்டைகளை முரட்டுத்தனமாகச் செதுக்கினார். மங்க் 1896-இல் பாரிஸில் மரச்செதுக்கைத் தொடங்கினார்.

இதே விஷயத்தை 1892-இல் எண்ணெய்ச் சித்திரமாகவும், 1894-இல் உலோகத் தகட்டிலும் செய்து பார்த்தவர் அவர். மரத்துக்கு வந்தபோது பலகையை மெல்லிய ரம்பத்தால் மூன்றாக அறுத்தார். கடல் ஒரு துண்டு; கரையும் ஆணும் சேர்ந்து ஒரு துண்டு; பெண் தனித் துண்டு. தனித்தனியே மை பூசி, மறுபடி பொருத்தி, சேர்த்து அச்சிட்டார். ரம்பம் போன வழி, மை படாத கோடாகத் தாளில் நிற்கிறது. ஆண் மண்ணோடு ஒட்டியிருக்கிறான். பெண்ணைச் சுற்றி அறுப்பு. பிரிவை வரையவேண்டிய அவசியமே அவருக்கு ஏற்படவில்லை.

உருவத்தை எளிமையாக்குவது விவரங்களைக் கழிப்பது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இங்கே கழித்த இடத்தில் மரத்தின் ரேகை வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு மரம் வளர்ந்த வருஷங்கள் அந்த இருவர்மீதும் அலட்சியமாக ஓடுகின்றன. நிறமும் இயற்கையைப் பார்த்து வைத்ததில்லை. பிரதிக்குப் பிரதி மையை மாற்றினார். நான் வேலை செய்யும் வங்கியில் பிரதி மூலத்தோடு ஒத்திருந்தால்தான் செல்லும். இங்கே ஒவ்வொரு பிரதியும் வேறொரு பொழுது. மாறாமல் இருப்பது அந்த அறுப்பு ஒன்றுதான்.

நம் கவிதைகளில் தனிமை என்ற சொல் மலிந்துகிடக்கிறது. அந்தச் சொல்லை எழுதாமல், வரியை வெட்டிய இடத்திலேயே அதை உணரவைத்த கவிதைகளை எண்ணிப் பார்க்கிறேன். விரல்கள் மிஞ்சுகின்றன.