எம்-பெசா

கென்யாவில் 2007 மார்ச் 6 அன்று தொடங்கப்பட்ட கைபேசிப் பணச் சேவை எம்-பெசா. வங்கிக் கணக்கு இல்லாதவரும் சாதாரணப் பொத்தான் கைபேசியைக் கொண்டு பணம் அனுப்பவும் பெறவும் வைத்திருக்கவும் இது வழிசெய்தது. ‘எம்’ என்பது மொபைலைக் குறிக்கும். ‘பெசா’ என்றால் சுவாகிலி மொழியில் பணம். கடல் வணிகத்தோடு கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போன நம் பைசாதான் அது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. சேவையை நடத்தும் நிறுவனம் சஃபாரிகாம்.

பிழைப்பு நைரோபியில், குடும்பம் ஊரில் என்பது கென்யாவில் வெகு சாதாரணம். எம்-பெசாவுக்கு முன், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டுமானால் உறையில் போட்டுப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். ஊருக்குப் போகும் உறவினருக்காகக் காத்திருப்பார்கள். இல்லாவிட்டால் தபால் நிலையம் போவார்கள். வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்கள் 2006இல் வயதுவந்தோரில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. கைபேசி மட்டும் வேகமாகப் பரவியது. டாப்-அப் அட்டையைச் சுரண்டி, எண்ணை ஊரிலுள்ளவருக்குச் சொல்லி, அவர் அதை விற்றுக் காசாக்கிக்கொள்ளும் வழக்கம் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் அப்போதே இருந்தது. மக்கள் தாமே கண்டுபிடித்த இந்த வழிக்குத்தான் எம்-பெசா முறையான வடிவம் கொடுத்தது.

சஃபாரிகாமின் அன்றைய முக்கியப் பங்குதாரரான வோடஃபோனில் பணியாற்றிய நிக் ஹியூஸ், பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி உதவி நிதியைப் பெற்று இத்திட்டத்தைத் தொடங்கினார். அவருடைய சக ஊழியர் சூசி லோனி கென்யாவில் தங்கி அதை உருவாக்கினார். 2005 அக்டோபரில் ஃபவுலு என்ற சிறுகடன் நிறுவனத்தோடு சேர்ந்து சில நூறு பேரிடம் சோதனை நடந்தது. கடன் தவணையைக் கைபேசியில் கட்டுவதே அப்போதைய நோக்கம். சோதனையில் சேர்ந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. ஊருக்குப் பணம் அனுப்பினார்கள், கடைக்காரர்கள் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள், பயணம் கிளம்புமுன் பணத்தைக் கைபேசியில் போட்டுப் போன ஊரில் எடுத்துக்கொண்டார்கள். இதைக் கூர்ந்து பார்த்தவர்கள் கடன் தவணையை ஒதுக்கிவைத்து, ‘வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்ற ஒற்றை அழைப்போடு சேவையை வெளியிட்டார்கள். எம்-பெசா வரலாற்றில் மிகச் சரியான முடிவு இதுவே.

தொழில்நுட்பம் எளியது. சிம் அட்டையிலேயே ஒரு பட்டியல் இருக்கும். எண், தொகை, ரகசிய எண் ஆகியவற்றை இட்டால் இருவருக்கும் குறுஞ்செய்தி வரும். மக்கள் போட்ட பணம் முழுவதும் வங்கியில் அறக்கட்டளைக் கணக்கில் இருக்கும். சஃபாரிகாம் அதை எடுத்துச் செலவழிக்க முடியாது. இந்தச் சேவையைத் தாங்கி நிற்பவர் முகவர். மளிகைக் கடை, மருந்துக் கடை, டாப்-அப் விற்கும் சிறு கூண்டு என எதுவும் முகவர் கடையாகலாம். பணத்தை வாங்கிக்கொண்டு தம் கைபேசியிலிருந்து மின்பணத்தை அனுப்புவார். எடுக்க வருபவரிடம் மின்பணத்தைப் பெற்று நோட்டை எண்ணிக் கொடுப்பார். அவருடைய தலைவலி இருப்புதான். நகரத்தில் போடுபவர்கள் அதிகம் என்பதால் அங்குள்ள முகவரிடம் நோட்டு குவிந்து மின்பணம் தீர்ந்துவிடும். கிராமத்திலோ எடுப்பவர்களே அதிகம். அங்கு நோட்டு தீரும். கிராமத்து முகவர் பக்கத்து டவுன் வங்கிக்குப் போய்ப் பணத்தைச் சுமந்து வர வேண்டும். பணம் நொடியில் பறக்கிறது என்று நாம் வியப்பதற்குப் பின்னால் அவருடைய பேருந்துப் பயணமும் வழிப்பறி அச்சமும் இருக்கின்றன.

2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிந்தைய கலவரத்தில் சாலைகளும் கடைகளும் முடங்கியபோது, உறவினருக்குப் பணம் சேர்க்க இச்சேவை கைகொடுத்தது. 2008 இறுதியில் வங்கிகளின் அதிருப்தியையடுத்து நிதியமைச்சர் தணிக்கைக்கு உத்தரவிட்டார். சேவை பாதுகாப்பானது என்று முடிவு வந்தது. 2009 இறுதிக்குள் பயனாளர்கள் சுமார் 90 லட்சம். எம்-பெசாவால் சுமார் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டன என்று தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் ஆகியோரின் ஆய்வு 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் மதிப்பிட்டது. 1,85,000 பெண்கள் உழவை விட்டு வணிகத்துக்கு வந்ததாகவும் அது கூறியது.

கடன் வந்தபின் கதை அவ்வளவு தெளிவாக இல்லை. 2012 நவம்பரில் வங்கியோடு சேர்ந்து தொடங்கிய எம்-ஷ்வாரி என்ற கடன் சேவை, 30 நாள் கடனுக்கு 7.5 சதவீதக் கட்டணம் வாங்கியது. ஆண்டுக் கணக்கில் அது 90 சதவீதம். 2019இல் ஃபுலிசா வந்தது. கணக்கில் பணம் போதாவிட்டாலும் பரிமாற்றத்தை முடித்துக்கொடுத்து, அடுத்து வரும் பணத்தில் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நள்ளிரவில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவும் இதே வசதி, அன்றாடங்காய்ச்சிகளைத் தீராத சிறுகடனில் வைத்திருக்கவும் கூடியது. இதைச் சாதனைப் பட்டியலில் மட்டும் எழுதிவிட முடியாது.

2008இல் தான்சானியாவுக்குச் சென்று வேர்பிடித்த எம்-பெசா, வங்கிக் கணக்குகள் பரவலாக இருந்த தென்னாப்பிரிக்காவில் எடுபடாமல் 2016இல் மூடப்பட்டது. இந்தியாவில் வோடஃபோன் 2013இல் கொண்டுவந்து 2019இல் நிறுத்தியது. வங்கிக் கணக்குகளையே நேரடியாக இணைக்கும் யூபிஐ 2016இலேயே இங்கு வந்துவிட்டிருந்தது. 2020இல் எம்-பெசா பெயருரிமையை வோடஃபோனிடமிருந்து சஃபாரிகாமும் தென்னாப்பிரிக்காவின் வோடகாமும் கூட்டாக வாங்கின. 2023இல் சேவை எத்தியோப்பியாவிலும் தொடங்கியது.