கணனி இழையின் காலக்கணக்கு: ஒரு வரலாற்று நோக்கு

காலத்தை அளத்தல் என்பது கடிகாரத்தைப் பார்த்தல் மட்டுமன்று; அளந்த காலம் யாருக்குரியது என்பதைத் துணிதலுமாகும். கணனியின் வரலாற்றில் இவ்வினா நேரப்பகிர்வு முறையோடு கூர்மை பெற்றது.

ஒரு வேளையில் ஒரு செய்நிரல் மட்டுமே இயங்கிய நாள்களில், முடிவு நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழித்தாற் கணக்கு முடிந்துவிடும். மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பெர்னாண்டோ கொர்பற்றோவின் தலைமையில் உருவான சி.ரி.எஸ்.எஸ். முறைமை, 1961 நவம்பரில் ஐ.பி.எம். 709 கணனியில் இயக்கிக் காட்டப்பெற்றது. அதில் ஒரே இயந்திரம் பலருக்கும் மாறிமாறிச் சிறு பொழுதுகளை வழங்கியது. இதனாற் காலம் இரண்டாயிற்று: பயனர் காத்திருந்த காலம் ஒன்று, அவருக்காக இயந்திரம் உழைத்த காலம் மற்றொன்று. பின்னையதே பங்கிட்டு அளிக்கப்பெற்ற அரும்பொருள். வாரத்துக்கு 4 மணித்தியாலமே ஒதுக்கப்பெற்ற ஆய்வு மாணவர் அலன் ஷெர், 1962 இற் பிறர் கடவுச்சொற்களை அச்சிட்டெடுத்து மேலதிக நேரம் பெற்றமை அதன் அருமையைக் காட்டும்.

1969 இற் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் மரபில், கழிந்த நேரம், செய்நிரலின் உழைப்பு நேரம், அதன்பொருட்டு முறைமை உழைத்த நேரம் என மூன்று எண்கள் தனித்தனியே தரப்பெற்றன. ஆயினும், செக்கனுக்கு 60 தடவை எழும் கடிகாரத் துடிப்பின்போது எச்செய்நிரல் இயங்கியதோ, அதன்மீதே முழுத் துடிப்பும் சுமத்தப்பட்டது. இரு துடிப்புகளுக்கிடையே உழைத்து ஓய்ந்தது கணக்கிலிருந்து தப்பியது. நெடிய வேலையில் இப்பிழை சமனாகும். குறுகிய வேலையிற் சமனாகாது.

1995 இல் இழைகளுக்கான பொசிக்ஸ் நியமம் வெளிவந்தது. ஒரு செய்நிரலுக்குள்ளேயே பல இழைகள் இயங்குகையில், செய்நிரலின் மொத்தக் கணக்கு எவ்விழையின் உழைப்பையும் பிரித்துக் காட்டாது. 1993 இல் வந்த பென்ரியத்தின் சுழற்சி எண்ணியோ மிக நுண்ணியது. எனினும் இழை ஒதுக்கிவைக்கப்பட்ட பொழுதையும் அது சேர்த்தே எண்ணியது. பல செயலகங்களைக் கொண்ட சில கணனிகளில் எண்ணிகள் தம்முள் ஒத்துப்போகவுமில்லை. ஆகவே இழை உள்ளே வரும்போதும் வெளியேறும்போதும் பணிசெயல் முறைமையே குறித்துக்கொள்வது தக்க வழியாயிற்று. ஒவ்வோர் இழைக்கும் தனிக் கடிகாரம் என்னும் ஏற்பாடு 1999 இற் பொசிக்ஸ் நியமத்திற் சேர்ந்தது. 2004 இல் வெளிவந்த ஜாவா 5 உம் இவ்வசதியை அளித்தது.

பூட்டொன்றுக்காக 10 செக்கன் காத்திருந்த இழை, அரைச் செக்கனேனும் உழைத்திராது. கழிந்த நேரத்தை மட்டும் நோக்குவோர் அதனைச் சோம்பலுடையதென்பர். உழைத்த நேரத்தை மட்டும் நோக்குவோர் குறையே இல்லையென்பர். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போதே தாமதத்தின் காரணம் புலனாகும். நேரப்பகிர்வின் வரலாறு உணர்த்தும் உண்மையும் இதுவேயாம்.