யாரை நோக்கிய வாள்?

அண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேசுவரர் கோயிலும் மாணிக்கவாசகர் சந்நிதியும் உள்ள ஊர். மார்கழி விடியலில் தமிழகமெங்கும் ஒலிக்கும் திருவெம்பாவையை மாணிக்கவாசக அடிகள் இங்கிருந்துதான் பாடினார் என்பது மரபு. அதே அடிகள் தில்லையில் ஈழத்துப் பௌத்தரோடு வாது செய்து வென்றார் என்று திருவாதவூரடிகள் புராணம் சொல்கிறது. அந்த வாதில் பிறந்ததாகச் சொல்லப்படுவது திருச்சாழல். ஆனால் வீடுதோறும் வாழ்வது திருச்சாழல் அல்ல, திருவெம்பாவைதான். சம்பந்தருக்கும் இப்படித்தான். மதுரையில் அனல்வாதமும் புனல்வாதமும் செய்தவர் அவர். ஆனாலும் இன்று கலங்கிய மனத்தோடு இருப்பவர் ஓதுவது, மதுரைக்குப் புறப்படும்முன் மறைக்காட்டில் அவர் பாடிய கோளறு பதிகத்தை. மறைமொழியைப் படைக்கலமாகக் கொள்வது தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. அது எதிரியின் மேல் வீசப்பட்டபோது சரித்திரமானது. தன் அச்சத்தின் மேல் வீசப்பட்டபோது வாழ்க்கையானது. தமிழ்க் கிறிஸ்தவத்தின் கடந்த 300 ஆண்டு வரலாற்றை இந்த வேறுபாட்டைக் கொண்டு பார்த்தால் பல செய்திகள் விளங்கும்.

எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடகம், தலைச்சீரா என்று ஒரு போர்வீரனின் படைக்கலங்களைப் பவுல் அடுக்குகிறார். அவற்றில் தாக்கக்கூடியது ஒன்றே ஒன்று: தேவனுடைய வசனமாகிய வாள். எழுதியவர் அப்போது விலங்கிடப்பட்ட கைதி. ரோமப் படைவீரனின் உண்மையான வாளை அருகிலிருந்து பார்த்தவர். அப்படிப்பட்டவர், நமது போர் மனிதரோடு அல்ல என்பதை முதலில் தெளிவாக்கிவிட்டே ஆயுதங்களுக்கு வருகிறார். இந்த வரிசை முக்கியம். முன்னதை மறந்து பின்னதை மட்டும் கையில் எடுத்தவர்கள்தான் வரலாறு நெடுகத் தவறினார்கள்.

ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. ஊர் ஊராகச் சென்று தமிழரோடு அவர் நடத்திய உரையாடல்கள் ஜெர்மனியில் வெளியாயின. அவற்றில் வாதமும் இருக்கிறது, கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆவலும் இருக்கிறது. அந்த ஆவலில் 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை ஜெர்மனியின் ஹாலேயில் இருந்த மிஷன் தலைவர்கள் அச்சிடவில்லை; அது சென்னையில் வெளிவர 1867 ஆயிற்று. எதிராளியைப் புரிந்துகொள்வது போர்முனைக்கு ஆகாது என்று நினைத்தார்கள். வாள் வெளியே வீசப்படும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தப் புரிதல்தான். பிறகு அது சொந்தச் சகோதரர் மேலும் பாய்ந்தது. கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர் வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்று எழுதி லுத்தரன்களை மறுத்தார். ஒரே கிறிஸ்துவை வணங்கிய இரு கூட்டத்தார், தமிழ் உரைநடையின் தொடக்க காலத்தின் ஒரு பகுதியை ஒருவரையொருவர் சாடுவதில் செலவிட்டார்கள்.

இந்த வழியின் எல்லை எது என்று காட்டியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். வெஸ்லியன் பள்ளியில் பீட்டர் பெர்சிவலிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். பக்கம் பக்கமாக அந்த நூலை அறிந்தவர். 1848-இல் விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854-இல் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டார். கோயில், அபிஷேகம், தூபம், பலி, ஆசாரம் ஆகியவற்றைப் பாதிரிமார் பழித்தபோது, இவையெல்லாம் உங்கள் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கின்றனவே என்று அதிகாரம் காட்டி அடுக்கினார். மிஷனரிகள் தம் கையால் கூர்தீட்டிக் கொடுத்த வாள் அவர்களை நோக்கியே திரும்பியது. நாவலர் மேல் கோபப்படுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. வசனத்தை வாதத்துக்கான கருவியாக மட்டும் கற்றுக்கொடுத்தால், நன்றாகக் கற்றவர் யாரும் அதை ஏந்தலாம். அதை ஏந்த விசுவாசம் வேண்டியதில்லை, நினைவாற்றல் போதும்.

அந்த வாதங்கள் இல்லாவிட்டால் அச்சுக்கூடமும் பள்ளியும் உரைநடையும் இவ்வளவு விரைவாக வளர்ந்திருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வளர்ந்திருக்காது என்றே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மொழிக்குக் கிடைத்த லாபம். கிறிஸ்தவ வாழ்க்கைக்கு அந்த வாள் என்ன செய்தது என்பதே இங்கே கேள்வி. விடை தேட, அது திருச்சபையின் சொந்த நெஞ்சை நோக்கித் திருப்பப்பட்ட இடங்களைப் பார்க்க வேண்டும். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி இருக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சைச் சபைகள் கொதித்தன. லைப்சிக் மிஷன் சாதிக்கு இடம்கொடுக்கிறது என்று அதை விட்டு விலகிய கார்ல் ஓக்ஸ், 1861-இல் தென்னாற்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் தனி ஊழியம் தொடங்கினார். பின்னர் அது டேனிஷ் மிஷனோடு இணைந்தது. திருவண்ணாமலையில் இன்றும் டேனிஷ் மிஷன் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளி அந்த மரபில் வந்தது. சைவரோடு வாதாடச் சளைக்காதவர்கள், ஒரே கிண்ணத்தில் நற்கருணை பருகத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தின் மேல் வசனம் பாய்ந்தபோதுதான் அது உண்மையிலேயே வலித்தது. அந்த வேலை இன்னும் முடியவில்லை. பிரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டங்களே சாட்சி.

உள்முகப் போரைத் தமிழில் காவியமாக்கியவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. நெல்லைச் சீமையில் வைணவராகப் பிறந்து, கம்பனில் ஊறி, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். பெட்போர்டு சிறைவாசி ஜான் பனியன் எழுதி 1678-இல் வெளிவந்த மோட்சப் பயண நூலைத் தழுவி, 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். பனியனின் பயணி தாழ்மையின் பள்ளத்தாக்கில் அழிம்பன் என்னும் கொடிய எதிரியோடு பொருது, வாள் கைநழுவி, வீழ்ந்து, மீண்டும் அதை எட்டிப் பிடிக்கும்போது அவன் வாயில் வருவது வேதவசனம். அவன் எதிரே நிற்பது அயல்மதத்தான் அல்ல, அவனது பழைய அடிமைத்தனம். இந்தப் பயணத்துக்கு நடுவே கிருஷ்ண பிள்ளை தேவாரம் என்ற பெயரிலேயே பதிகங்களைப் பாடி வைத்தார். அவை இன்றும் ஆராதனைகளில் ஒலிக்கின்றன. அவர் காலத்து மறுப்பு நூல்களோ நூலகங்களில் உறங்குகின்றன.

அப்படியானால் வசனத்தைத் தாயத்தாக்கச் சொல்கிறீரா என்பது அடுத்த தடை. 91-ஆம் சங்கீதத்தைக் கதவில் ஒட்டிவைப்பதும், டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பதும், கந்தர் சஷ்டி கவசம் ஓதும் மண்ணில் இயல்பாக வந்த பழக்கங்கள்தாம். அவற்றை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. மருத்துவமனைக் கட்டிலருகே அந்தச் சங்கீதத்தை முணுமுணுக்கும் தாய்க்கு அது மூடநம்பிக்கை அல்ல, மூச்சு. எனினும் ஒன்றை மறக்கக் கூடாது. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தவன் எடுத்துக் காட்டியது அதே 91-ஆம் சங்கீதத்தைத்தான். இயேசுவோ மூன்று முறையும் உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார். அப்பத்துக்கு மேலாக வார்த்தையை நம்புவது, தேவனைப் பரீட்சை பாராதிருப்பது, அவரை மட்டுமே தொழுவது ஆகிய மூன்றும் எதிராளியை மட்டந்தட்டும் வசனங்கள் அல்ல, சொல்பவரையே கட்டுப்படுத்துபவை. தாயத்துக்கும் வாளுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். தாயத்து தரித்தவரிடம் எதுவும் கேட்பதில்லை. வாள் தன்னை ஏந்துபவரிடம் பயிற்சியையும் கீழ்ப்படிதலையும் கேட்கிறது.

ஆகவே நம் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். புத்தாண்டில் ஒரு வசனத்தை அட்டையில் எடுத்தால், அது வரும் அதிகாரம் முழுவதையும் அந்த வாரத்திலேயே வாசியுங்கள். பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்யக் கொடுக்கும் வசனங்களில், அடுத்த மதத்தாருக்குப் பதில் சொல்ல உதவுபவற்றைவிட, பொறாமையையும் பேராசையையும் சாதிப் பெருமையையும் வெட்டுபவற்றை முதலில் கொடுங்கள்.