குடும்ப நத்தாரும் உழைக்கும் குடும்பங்களும்

டிசம்பர் மாதம் பிறந்ததும் நமது நகரங்களின் கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னே பஞ்சு பனியாகிவிடுகிறது. பனி பெய்தறியாத தீவிலே, நெற்றி வியர்வையைத் துடைத்தவண்ணம் அப்பனிக் கோலத்தைப் பார்த்து நிற்கிறோம். ஊசியிலை மரம், அதிலே மின்னும் கண்ணாடிக் குண்டுகள், மரத்தைச் சூழ்ந்து தாய் தந்தையரும் பிள்ளைகளும், மேசையிலே வாட்டிய பறவை ஆகிய இவையே நத்தார் என வாழ்த்து மடல்கள் ஆண்டுதோறும் நமக்குப் போதித்து வருகின்றன. 'நத்தார்' என்ற சொல்லை நமக்குத் தந்தவர் போர்த்துக்கேயர். இக்காட்சியோ அவர்களுக்குப் பெரிதும் பிற்பட்டது. ஆங்கிலேயர் வழியாக வந்தது.

கிறித்து பிறப்பை நினைவுகூரும் வழிபாடு மிகப் பழையது. நான்காம் நூற்றாண்டிலேயே உரோமாபுரியில் டிசம்பர் 25 அதற்குரிய நாளாகக் கொள்ளப்பட்டது. ஆனால் தெருக் கதவை அடைத்துக்கொண்டு, குடும்பத்தவர் மட்டும் கூடியிருந்து கொண்டாடும் நத்தார் பழையதன்று. இங்கிலாந்திலே ஆலைப் புகைபோக்கிகள் எழுந்த காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அது தன் உருவத்தைப் பெற்றது. அவ்வாறு உருப்பெற்றபோது அம்மேசையில் அமர்ந்தோர் யாவர், அமர இயலாதோர் யாவர் என்பதே நாம் இங்குக் கேட்க விரும்பும் கேள்வி.

அதற்கு முந்திய நத்தார் தெருவுக்குரியதாய் இருந்தது. அறுவடை முடிந்து, வயலில் வேலை ஓய்ந்து, களஞ்சியம் நிறைந்திருந்த பன்னிரண்டு நாள்கள் அவை. ஊர் மக்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டு நிலவுடைமையாளனின் வாயிலுக்குச் செல்வர். அவன் மதுவும் உணவும் கொடுக்க வேண்டும். கொடாதவனை ஏசவும் அவர்களுக்கு உரிமையுண்டு. இதனைப் பொற்காலமென்று போற்ற நாம் விரும்பவில்லை. ஆண்டு முழுவதும் குனிந்து நின்றவன் சில நாள்கள் நிமிர்ந்து நிற்க அனுமதிக்கப்பட்டான், அவ்வளவே. ஆயினும் அந்நாள்கள் அவனுடையவை என்பதை அவனும் அறிந்திருந்தான், அவனுடைய ஆண்டையும் அறிந்திருந்தான்.

பதினேழாம் நூற்றாண்டிலே அரசனை எதிர்த்து எழுந்த தூய்மைவாதிகளுக்கு இவ்வாரவாரம் பிடிக்கவில்லை. வேதாகமத்தில் இல்லாத திருநாள், குடிவெறிக்கு இடமளிக்கும் திருநாள் என்று 1647 ஜூன் மாதத்தில் பாராளுமன்றம் நத்தாரை ஒழித்து ஆணையிட்டது. இவ்வாணையிலே பலர் கவனியாதுவிடும் பகுதியொன்றுண்டு. திருநாள்களை இழந்த மாணவருக்கும் தொழில் பழகுவோருக்கும் வேலையாள்களுக்கும் அவற்றுக்கு ஈடாக மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஓய்வு நாளாக வழங்கப்பட்டது. விடுமுறையைப் பறிப்பவன் வேறொரு விடுமுறையைக் கொடுத்தாக வேண்டும் என்ற நியாயத்தை அந்தப் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள் கன்டர்பரி நகரிலே கடைகளைத் திறக்குமாறு நகரபிதா கட்டளையிட்டபோது மக்கள் கலகஞ்செய்தனர். திறந்த கடைகள் தாக்கப்பட்டன. வீதியிலே பந்தாட்டம் நடந்தது. 1660இல் மன்னராட்சி மீண்டபோது நத்தாரும் மீண்டது.

தூய்மைவாதிகள் ஆணையிட்டும் செய்ய முடியாததை ஆலை முதலாளிகள் ஆணையின்றியே செய்து முடித்தனர். நீராவி இயந்திரத்துக்குப் புனிதர்களைத் தெரியாது. அது நின்றால் நட்டம், ஓடினால் இலாபம். ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் நேர்ந்த கதியென்று இதனைக் கொள்ளலாகாது. இங்கிலாந்து வங்கி அதுவரை ஆண்டில் 33 புனிதர் நாள்களிலும் திருநாள்களிலும் மூடப்பட்டு வந்தது. 1834ஆம் ஆண்டில் அவை நான்காகக் குறைக்கப்பட்டன. அந்நான்கிலும் ஒன்றாக நத்தார் தப்பியது. பன்னிரண்டு நாள்களாய்ப் பரந்திருந்த கொண்டாட்டம் ஒரே நாளாய்ச் சுருங்கியமைக்கும், அந்த ஒரு நாளிலே ஓர் ஆண்டின் பாசம் முழுவதையும் திணிக்க வேண்டியிருந்தமைக்கும் காரணத்தை இங்கேதான் தேடவேண்டும். நாளெல்லாம் வேலைத்தலத்தில் கழிந்த பின்னர்தான் வீடு என்பது ஏங்கத்தக்க ஓரிடமாகிறது.

இந்த ஏக்கத்துக்கு இலக்கிய வடிவம் கொடுத்தவர் சார்ள்ஸ் டிக்கன்ஸ். அவருடைய நத்தார் நெடுங்கதை 1843 டிசம்பர் 19ஆம் நாள் வெளிவந்தது. ஆறாயிரம் பிரதிகள் நத்தாருக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. நம்மிற் பலர் இதனைப் பாடசாலையிலே சுருக்கப் பதிப்பாகப் படித்திருப்போம். உலோபி ஒருவன் பேய்களைக் கண்டு திருந்தும் கதையாகவே அது நம் நினைவில் நிற்கும். அதன் தோற்றுவாயோ வேறு. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் சிறுவர்கள் படும் பாட்டை விசாரித்த ஆணைக்குழுவின் அறிக்கை அவ்வாண்டு வெளிவந்தது. அதனைப் படித்துக் கொதித்த டிக்கன்ஸ், ஏழைப் பிள்ளைகளின் சார்பில் துண்டுப் பிரசுரம் ஒன்று எழுதவே முதலில் எண்ணினார். ஒக்டோபரில் மன்செஸ்டர் நகரிலே பேசச் சென்றபோது கதை அவர் மனத்தில் உருக்கொண்டது. அதே ஆண்டில் அதே நகரிலே எங்கெல்ஸ் என்ற இளைஞரும் தெருத் தெருவாய் நடந்து தொழிலாளர் நிலைபற்றிய தமது நூலுக்குச் செய்தி திரட்டிக்கொண்டிருந்தார். டிக்கன்ஸ்தாமும் பன்னிரண்டு வயதிலே, தந்தை கடன்காரச் சிறையில் இருக்க, சப்பாத்து மை அடைக்கும் தொழிற்சாலையில் வேலைசெய்தவர்.

கதையை மறுபடியும் படித்துப் பாருங்கள். அது தொடங்குவதே விடுமுறைத் தகராற்றில்தான். வாரத்துக்கு 15 சிலிங் பெறும் எழுத்தன் கிரட்சிற், நத்தார் நாள் முழுவதும் விடுமுறை கேட்கிறான். வேலையில்லாத நாளுக்குச் சம்பளம் கொடுப்பது தன்னைக் கொள்ளையிடுவதாகும் என்று முதலாளி ஸ்குரூஜ் முணுமுணுக்கிறான். கிரட்சிற் வீட்டில் வாத்தை வாட்ட வசதியில்லை. பிள்ளைகள் அதனைப் பேக்கரிப் போறணையிலே வாட்டுவித்துக்கொண்டு வருகின்றனர். அக்கால நகரத்து ஏழைகளின் உண்மை நிலை அது. அந்த வாத்துக்காகவும் பல குடும்பங்கள் வாரந்தோறும் சில பென்சுகளைக் கூட்டுச் சீட்டில் கட்டிவந்தன. இவ்வளவையும் துல்லியமாகக் கண்ட டிக்கன்ஸ், முடிவிலே முதலாளியின் மனம் இளகுவதையே வழியாகக் காட்டினார். அவருடைய பெருங்கருணையை நாம் மதிக்கிறோம். அவர் காட்டிய வழியை ஏற்க நமக்கு இயலவில்லை. ஏனெனில் ஸ்குரூஜின் மனம் இளகுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் வேலைசெய்த பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு நத்தார் நாளை முழு விடுமுறையாக்கியிருந்தது. வேலைநேரத்தைக் குறைக்கக் கோரி வட இங்கிலாந்தில் தொழிலாளரும் அவர்தம் நண்பரும் நடத்திய கிளர்ச்சி அதற்குப் பின்னால் இருந்தது. பேய் எதுவும் அங்கு வரவில்லை.

அதே 1843இல் ஹென்றி கோல் என்பவர் முதலாவது நத்தார் வாழ்த்து மடலை அச்சிடுவித்தார். மேசையைச் சூழ்ந்து ஒரு குடும்பம் மதுக்கிண்ணத்தை உயர்த்தி நிற்பது அதன் படம். விலை ஒரு சிலிங். கிரட்சிற்றின் ஒரு நாள் சம்பளத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. 1848இல் இலண்டன் பத்திரிகையொன்று விக்ரோறியா இராணியும் கணவர் அல்பேட்டும் பிள்ளைகளும் விண்ட்சர் மாளிகையில் மரத்தைச் சுற்றி நிற்கும் சித்திரத்தை வெளியிட்டது. ஜெர்மனியின் மரம் இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளில் நுழைந்தமைக்கு அச்சித்திரம் பெரிதும் காரணமாயிற்று. இரண்டாண்டு கழித்து அமெரிக்கச் சஞ்சிகையொன்று அதே சித்திரத்தை மறுபடி வெளியிட்டது. இராணியின் முடியையும் அல்பேட்டின் மீசையையும் மட்டும் அழித்துவிட்டது. அரச குடும்பம் இவ்வாறு ஒரு கீறலில் 'சாதாரணக் குடும்பம்' ஆயிற்று.

நத்தார் நினைவுகளை எழுதிவைத்தோர் பெரும்பாலும் மேசைக்கு மேலே இருந்தவர்களே. பிரித்தானியாவில் 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் வீட்டு வேலைக்காரராய் இருந்தனர். அவர்களும் எவருடைய குடும்பத்தையோ சேர்ந்தவர்களே. ஆனால் நத்தாரன்று அவர்கள் பிறர் குடும்பத்தின் அடுப்பங்கரையில் நின்றனர். அவர்களுள் ஹன்னா கல்விக் என்ற பெண் தம் நாட்குறிப்பை நமக்கு விட்டுச்சென்றுள்ளார். 1863ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல் நாள், மறுநாள் வரவிருந்த நாற்பது விருந்தினருக்காக வான்கோழியும் கோழிகளும் வாட்ட அதிகாலையிலேயே எழுந்து அடுப்பு மூட்டியதை அவர் எழுதுகிறார். அலங்காரமற்ற குறிப்பு அது, முறைப்பாடுகூட இல்லை. வேலையாள்களுக்குரிய நாள் மறுநாளான 26. அது சட்டப்படியான வங்கி விடுமுறையானது 1871இல்தான். ஸ்கொட்லாந்திலோ நத்தார் நாளே 1958 வரை பொது விடுமுறையாகவில்லை.

குடும்பமே இல்லாமற் செய்யப்பட்டோரும் இருந்தனர். 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டம், பட்டினியால் உதவி கேட்டு வந்தோரை வறியோர் இல்லத்துள் புகுமாறு வற்புறுத்தியது. அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம். குடும்பத்தின் புனிதத்தைப் பற்றி ஒரு தலைமுறை பாடிக்கொண்டிருந்த அதே காலத்திலே, ஏழையின் குடும்பத்தைப் பிரித்துவைப்பது அரசின் கொள்கையாய் இருந்தது. ஆண்டுக்கொருமுறை கனவான்கள் வந்து, அவ்வறியோர் நத்தார் உணவு உண்பதை வேடிக்கை பார்த்துச் செல்வர். 1877இல் ஜோர்ஜ் சிம்ஸ் எழுதிய கதைப்பாடலிலே இத்தகைய விருந்தொன்றில் முதியவர் ஒருவர் எழுந்து, முந்திய நத்தாரன்று தம் மனைவி பசியால் இறந்ததை அக்கனவான்களின் முகத்துக்கு நேரே சொல்கிறார். ஒரு துண்டு ரொட்டி கேட்டபோது அவர்கள் இல்லத்துக்கு வரச் சொன்னார்கள். கணவனைப் பிரிய மனமில்லாத அவள் வர மறுத்தாள். பாட்டு சற்று மிகையுணர்ச்சி உடையதுதான். அது கூறும் சட்டமோ மிகையன்று.

இனி அந்த மரத்திலே தொங்கும் கண்ணாடிக் குண்டுகளுக்கு வருவோம். ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் லவுஷா என்ற ஊர் 1597 முதல் கண்ணாடித் தொழிலால் வாழ்ந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே மர அலங்காரக் குண்டுகள் ஊதப்படலாயின; 1867இல் ஊரில் எரிவாயு வந்தபின், சூடான சுடரிலே மெல்லிய பெரிய குண்டுகளை ஊத முடிந்தது. தொழிற்சாலை என்று எதுவும் இல்லை. வீடுதான் பட்டறை. தந்தை சுடரருகே அமர்ந்து கண்ணாடிக் குழாயை ஊதுவார். தாய் குண்டினுள்ளே வெள்ளிக் கரைசலை ஊற்றிக் குலுக்குவார். பிள்ளைகள் வர்ணம் பூசவும், மூடியிட்டுப் பெட்டியில் அடுக்கவும் உதவுவர். பெண்கள் அப்பெட்டிகளை முதுகுக் கூடைகளிலே சுமந்து மலைப்பாதையில் சொன்னபெர்க் நகரத்துத் தரகரிடம் கொண்டுசெல்வர். விலையைத் தீர்மானிப்பவர் தரகரே. 1880இல் அமெரிக்க வணிகர் வூல்வேர்த் அரைமனத்தோடு சிறிதளவு வாங்கினார். அது உடனே விற்றுப்போனது. பின்னர் ஐந்து சதத்துக்கும் பத்துச் சதத்துக்கும் பொருள் விற்ற அவருடைய கடைகள் லவுஷாவின் பெரும் வாடிக்கைக்காரராயின. ஒரு குடும்பம் மரத்தைச் சுற்றிக் கூடியிருப்பதற்காக இன்னொரு குடும்பம் சுடரைச் சுற்றிக் கூடியிருந்தது.

இந்தப் பிள்ளைகளையும் சட்டம் நினைக்கத்தான் செய்தது, காலம் தாழ்த்தி. 1903ஆம் ஆண்டின் ஜெர்மன் சிறுவர் பாதுகாப்புச் சட்டம் முதன்முறையாக வீட்டுத் தொழிலுக்குள்ளும் நுழைந்தது. பிறர் பிள்ளைகளைப் பன்னிரண்டு வயதுக்கு முன் வேலைக்கு வைத்தல் தடைசெய்யப்பட்டது. சொந்தப் பிள்ளைகளாயின் பத்து வயது போதும் என்று அது விதித்தது; அவர்கள் குடும்பத்தோடுதானே இருக்கிறார்கள் என்பது காரணம்.