பாதர்ஸ்ட் மலை சொல்லித்தந்த பிறேக் பாடம்

சிட்னியிலிருந்து மேற்கே ஏறக்குறைய 200 கிலோமீற்றர் போனால் பாதர்ஸ்ட் வரும். அங்குள்ள மவுண்ட் பனோரமா மலையில் 6.213 கிலோமீற்றர் நீளமான தெரு ஒன்று ஏறி இறங்கி வட்டமிடுகிறது. வருடத்தின் பெரும்பாலான நாட்களில் அது பொதுத் தெரு. பக்கத்தில் வீடுகள் இருக்கின்றன, வேக எல்லை மணிக்கு 60 கிலோமீற்றர். ஒக்டோபரில் பந்தயம் நடக்கும்போது அதே தெருவில் கார்கள் 240ஐயும் தாண்டிப் பறக்கின்றன.

"வேலைக்குப் போகிற காரையே ட்ராக்கிலும் ஓட்ட வேண்டும். என்ன பிறேக் போடலாம்?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். இந்தத் தெருவின் வரலாற்றிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பிறேக்கின் வேலை ஓட்டத்தின் சக்தியை வெப்பமாக மாற்றுவது. வேகம் 4 மடங்கானால் சக்தி 16 மடங்காகும். 1,400 கிலோ எடையுள்ள காரை 240 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் வரும் வெப்பம், ஏறக்குறைய 9 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். பந்தயத்தில் இப்படி ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை பிறேக் பிடிக்க வேண்டும்.

பழைய டிரம் பிறேக்குக்கு இதுதான் சிக்கலாக இருந்தது. சூடேறினால் டிரம் விரிந்து, உள்ளிருக்கும் லைனிங்கை விட்டு விலகும். மிதிக்க மிதிக்கப் பெடல் கீழே போகும். டிஸ்க் பிறேக் காற்றுப்படத் திறந்திருப்பதால் விரைவில் ஆறும். 1953இல் பிரான்சின் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜகுவார் சி-டைப் வென்றது. அதன்பின் உலகமே திரும்பிப் பார்த்தது.

பிலிப் தீவில் 1960இல் தொடங்கிய 500 மைல் பந்தயம் 1963இல் பாதர்ஸ்டுக்கு வந்தது. கடையில் விற்கும் கார்களே ஓடவேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த வருடம் வென்ற ஃபோர்ட் கோர்ட்டினா ஜி.டி.யின் முன் சில்லுகளில் டிஸ்க் பிறேக் இருந்தது. 1973இல் தூரம் 1,000 கிலோமீற்றராக உயர்ந்தது.

1977இல் அலன் மொஃபற்றும் பெல்ஜியத்தின் ஜக்கி இக்ஸும் ஒரே ஃபல்கனை மாறிமாறி ஓட்டினார்கள். முன்னணியில் இருந்தும் கடைசிக் கட்டத்தில் பிறேக் தேய்ந்துபோனதால் மொஃபற் வேகத்தைக் குறைத்தார். அதே அணியின் கொலின் பொண்ட் முந்தாமல் பக்கத்தில் வர, இரு கார்களும் சோடியாகக் கோட்டைக் கடந்தன. பலருக்குப் படம்தான் நினைவில் நிற்கிறது. எனக்கு அந்தத் தேய்ந்த பிறேக்தான் நினைவில் நிற்கிறது. அதே வருடம் ஹோல்டன் வெளியிட்ட டொரானா ஏ9எக்ஸில் நான்கு சில்லுகளுக்கும் டிஸ்க் இருந்தது. 1978, 1979 இரண்டு வருடமும் பீற்றர் புறொக்கும் ஜிம் ரிச்சட்ஸும் அதில் வென்றார்கள். 1979இல் அவர்கள் 6 சுற்று முன்னிலையில் இருந்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அக்காலத்தில் பந்தயத்தின் பெயரிலேயே இருந்த ஹார்டி-ஃபெரோடோ பிறேக் லைனிங் செய்த நிறுவனம். அன்றைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அந்தத் தூசியைச் சுவாசித்த மெக்கானிக்குகள் உயிர்கொல்லி நோய்க்கு ஆளானார்கள். 2003 டிசம்பர் 31இல்தான் அவுஸ்திரேலியா அஸ்பெஸ்டஸை முற்றாகத் தடைசெய்தது. பழைய கார் வாங்கித் திருத்துபவர்கள் பிறேக் தூசியை ஊதித் தட்டவே கூடாது.

இனி உங்கள் காருக்கு வருவோம். பெரிய சிவப்புக் கலிப்பரில் ஆசை வருவது இயல்பு. ஆனால் முதலில் மாற்றவேண்டியது பிறேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 தரத்துக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 பாகை, ஈரம் ஏறியபின் 155 பாகை. கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும், பெடல் தரைக்குப் போய்விடும். ஆகவே ட்ராக் நாளுக்கு முன் புது எண்ணெய் போடுங்கள்.

அடுத்தது டிஸ்க்கைப் பிடிக்கும் பாட். பந்தயப் பாட் சூட்டில் நன்றாகப் பிடிக்கும், குளிரில் பிடிக்காது. மெல்பேர்ணில் ஒரு ஜூலைக் காலை, 40 கிலோமீற்றர் பாடசாலை வலயத்தில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால் உங்கள் பிறேக் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும். சூடேறும்வரை அந்தப் பிள்ளை காத்திருக்காது. ஆகவே தெருவுக்கும் ட்ராக்குக்கும் ஒரே பாட் வேண்டுமென்றால், குளிரிலும் பிடிக்கிற, கொஞ்சம் கூடுதல் சூடு தாங்குகிற நடுத்தரப் பாட் எடுங்கள். முழுப் பந்தயப் பாட்தான் வேண்டுமென்றால் ட்ராக்கில் வைத்து மாட்டி, வீட்டுக்குப் புறப்படமுன் கழற்றுங்கள்.

அதற்குப் பிறகும் சூடு கூடினால் மட்டும் பெரிய டிஸ்க், கலிப்பர் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் உங்கள் மாநில விதிகளைப் பாருங்கள், காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். சிட்னி ஈஸ்டேர்ண் கிறீக்கிலோ மெல்பேர்ண் சாண்டவுனிலோ ஓடும்போது ஒவ்வொரு தடவையும் கடைசிச் சுற்றை மெதுவாக ஓடி பிறேக்கை ஆறவிடுங்கள். அதற்குக் காசு தேவையில்லை.