விமானங்களுக்காகக் காத்திருந்த திடல்கள்

இந்நாட்டின் வரலாற்றுச் சின்னங்கள் யாவை என்று கேட்டால், பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களையும் மலாக்காவின் பழைய கோட்டை வாயிலையும் நாம் உடனே சுட்டிக் காட்டுவோம். அவை பல நூற்றாண்டு கண்டவை. ஆனால் 80 ஆண்டுகளைச் சற்றே கடந்த சின்னங்கள் சிலவும் மலாயா மண்ணில் உள்ளன. அவற்றை எவரும் சின்னமென்று கருதுவதில்லை. புல் முளைத்த நீண்ட சமவெளி, வெடித்த காங்கிரீட், கடலைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கும் ஒரு காவல் அரண் - இவையே அச்சின்னங்கள். இரண்டாம் உலகப் போரின்போது கட்டப்பட்ட விமானத் திடல்களின் எச்சங்கள் அவை.

மலாயாவைக் காக்கும் கேடயம் என்று கருதியே இத்திடல்கள் அமைக்கப்பட்டன. முடிவில் அவையே மலாயா விழுந்த படிக்கட்டுகளாயின. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஆகாயத்தை நம்பிய திட்டம்

சிங்கப்பூர்க் கடற்படைத் தளம் 1938-இல் திறக்கப்பட்டது. போர் மூண்டால் பிரிட்டனிலிருந்து பெருங்கப்பற்படை விரைந்து வந்து சேரும் என்பதே அத்தளத்தின் அடிப்படை. 1940-இல் பிரான்சு வீழ்ந்தது. ஐரோப்பியக் கடல்களை விட்டுக் கப்பல்கள் கிழக்கே வர இயலாத நிலை ஏற்பட்டது. ஆகவே பிரிட்டிஷ் முப்படைத் தலைவர்கள் தங்கள் கொள்கையை மாற்றினர். மலாயாவை இனி முதன்மையாக விமானப்படையே காக்கும் என்று தீர்மானித்தனர். அதற்கு 336 முதல்தர விமானங்கள் வேண்டும் எனவும், அவை 1941-ஆம் ஆண்டு இறுதிக்குள் வந்து சேரும் எனவும் கணக்கிட்டனர்.

எதிரியின் கப்பல்களைக் கரை சேருமுன் நடுக்கடலிலேயே தாக்க வேண்டுமாயின், விமானங்கள் வடக்கிலும் கிழக்கிலும் கடலோரத்திற்கு அருகில் இருத்தல் வேண்டும். ஆதலின் கிளந்தான், கெடா, பகாங், ஜொகூர் ஆகிய மாநிலங்களில் திடல்கள் எழுந்தன. விமானப்படைக்கு வசதியான இடங்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றைத் தரையில் நின்று காக்க வேண்டிய இராணுவத்தின் வசதி போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படவில்லை.

நிலத்தைச் சமன் செய்வது எளிது. விமானம் பெறுவது அரிது. பிரிட்டனுக்கும் மத்திய கிழக்கிற்கும் ரஷ்யாவுக்கும் போக எஞ்சியதே மலாயாவுக்குக் கிடைத்தது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் போர் வந்தபோது இங்கிருந்த முதல்தர விமானங்கள் 158 மட்டுமே. அவற்றுள் ஜப்பானியரின் சீரோ விமானத்திற்கு ஈடுகொடுக்கக் கூடிய சண்டை விமானம் ஒன்றும் இல்லை. வில்டபீஸ்ட் என்ற ஈரடுக்குச் சிறகுடைய பழைய விமானங்களும் அக்கணக்கில் சேர்ந்திருந்தன. திடல்கள் ஆயத்தமாயிருந்தன, விமானங்கள்தாம் வரவில்லை.

கிளந்தானின் மூன்று திடல்கள்

கோத்தா பாருவுக்கு அருகே பெங்காலான் செப்பாவிலும், தெற்கே கோங் கெடாக்கிலும், உள்நாட்டில் மாச்சாங்கிலும் என மூன்று திடல்கள் கிளந்தானில் இருந்தன. பெங்காலான் செப்பாத் திடல் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மைல் தொலைவே. காக்க வேண்டிய பொருளை வாயிற்படியில் வைத்ததற்கு ஒப்பானது இது.

டிசம்பர் 8-ஆம் நாள் நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், பெர்ல் துறைமுகத்தில் குண்டு விழுவதற்கும் ஒரு மணி நேரத்திற்கு முன்னரே, ஜப்பானியர் சபாக், படாங் கடற்கரைகளில் இறங்கினர். அவர்கள் நாடி வந்தது இத்திடலையே. கரையில் நின்று எதிர்த்தவர்கள் டோக்ரா படைப்பிரிவினர். காங்கிரீட் அரண்களுக்குள் இருந்தபடி இருதரப்பிலும் பேரிழப்பு நேரும் வண்ணம் அவர்கள் போரிட்டனர். ஆஸ்திரேலியரின் ஹட்சன் விமானங்கள் திடலிலிருந்து எழுந்து கப்பல்களைத் தாக்கின. 'ஆவாஜிசான் மாரு' என்ற கப்பல் தீப்பற்றி எரிந்தது.

ஆயினும் அன்று பிற்பகல் திடலில் ஒரு வதந்தி பரவியது. எதிரி வேலியருகே வந்துவிட்டான் என்ற பேச்சைக் கேட்டுத் தரைப் பணியாளர் கலைந்தனர். கட்டடங்களுக்குத் தீயிட்டனர். ஆனால் ஓடுபாதையைச் சிதைக்கவில்லை. பெட்ரோலையும் குண்டுகளையும் முற்றாக அழிக்கவும் இல்லை. எஞ்சிய விமானங்கள் குவாந்தானுக்குப் பறந்தன. திடலைக் காக்க ஐதராபாத் சமஸ்தானப் படை நிறுத்தப்பட்டிருந்தது. அப்படையும் நிலைக்கவில்லை. மறுநாள் திடல் ஜப்பானியர் கையில் இருந்தது.

சில நாட்களில் மற்ற இரு திடல்களும் கைவிடப்பட்டன. மூன்றும் போனபின் அங்கே நின்ற எட்டாவது இந்தியப் பிரிகேடுக்குக் காக்க ஒன்றும் இல்லாமற் போயிற்று. அது இரயில் பாதை வழியே கோலா லிப்பிஸ் நோக்கிப் பின்வாங்கியது.

அலோர் ஸ்டாரும் ஜித்ராவும்

மேற்குக் கரையில் நிகழ்ந்ததும் இக்கதையே. டிசம்பர் 8-ஆம் நாள் காலை அலோர் ஸ்டார் திடலில் பிளென்ஹைம் விமானங்கள் எண்ணெய் நிரப்பிக் கொண்டிருந்த வேளையில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. பெரும்பாலானவை தரையிலேயே சிதைந்தன. எஞ்சியவை பட்டர்வொர்த்துக்குச் சென்றன. மறுநாள் அங்கும் குண்டு விழுந்தது. அவ்வேளையில் மேலெழுந்துவிட்ட ஒரே விமானத்தை ஓட்டியவர் ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற அதிகாரி. துணைக்கு வர ஒரு விமானமும் இன்றித் தம் விமானத்தை மட்டுமே கொண்டு சிங்கோரா சென்று தாக்கி, படுகாயத்துடன் திரும்பி அலோர் ஸ்டார் அருகே இறங்கினார். அவருடைய மனைவி அவ்வூர் மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றி வந்தார். அங்கேயே ஸ்கார்ஃபின் உயிர் பிரிந்தது. 1946-இல் அவருக்கு விக்டோரியா சிலுவை அளிக்கப்பட்டது.

விமானங்கள் போய்விட்டன. ஆனால் திடலைக் காக்கும் கடமை மட்டும் போகவில்லை. பதினோராவது இந்திய டிவிஷன் ஜித்ராவில் நிறுத்தப்பட்டிருந்ததற்குத் தலையாய காரணம் அதன் பின்னே அலோர் ஸ்டார் திடல் இருந்ததே. இயற்கை அரண் எனச் சொல்லத்தக்க இடம் அன்று ஜித்ரா. மழையில் நனைந்த அகழிகளில், விமானமற்ற ஒரு திடலின் பொருட்டு, பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் காத்து நின்றனர். டிசம்பர் 11 முதல் 13 வரை நிகழ்ந்த போரில் ஜித்ரா வீழ்ந்தது. அலோர் ஸ்டார் திடல், அங்கே விடப்பட்டிருந்த எண்ணெயோடும் குண்டுகளோடும் ஜப்பானியருக்குக் கிட்டியது. விரைவில் அவர்களுடைய விமானங்கள் அங்கிருந்தே தெற்கு நோக்கிப் பறந்தன.

இத்தோல்வியில் படையினின்று பிரிந்த கேப்டன் மோகன் சிங், அலோர் ஸ்டாரில் ஜப்பானியருடன் நடத்திய பேச்சின் விளைவாகவே இந்திய தேசிய இராணுவம் முதன்முதலில் உருவாயிற்று. பிற்காலத்தில் தோட்டப்புறத் தமிழிளைஞர் ஆயிரக்கணக்கில் சேர்ந்த அப்படையின் வரலாறும் இத்திடலின் அருகேதான் தொடங்குகிறது.

குவாந்தானும் காலாங்கும்

குவாந்தான் திடலினின்று விமானங்கள் டிசம்பர் 9-ஆம் நாளே அகன்றன. ஆயினும் இருபத்திரண்டாவது இந்தியப் பிரிகேடு அத்திடலை ஜனவரி வரை காக்குமாறு பணிக்கப்பட்டது. காரணம் உண்டு. வடக்கே இழந்த ஒவ்வொரு திடலும் ஜப்பானிய விமானங்களைச் சிங்கப்பூருக்கு ஒரு படி அருகில் கொண்டுவந்தது. துணைப்படைகளை ஏற்றிய கப்பல்கள் சிங்கப்பூர் சேரும் வரை எதிரியை எட்ட நிறுத்த வேண்டியிருந்தது. 1942 ஜனவரி 3-ஆம் நாள் திடலருகே நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கர்னல் ஆர்தர் கம்மிங் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்துண்ட பின்னும் போரிட்டு விக்டோரியா சிலுவை பெற்றார்.

ஜனவரி 13-ஆம் நாள் பெட்டிகளில் அடைத்த 51 ஹரிக்கேன் விமானங்கள் சிங்கப்பூர் வந்தன. இறுதியாக விமானங்கள் வந்தபோது தீபகற்பத்தின் வடபகுதித் திடல்கள் யாவும் பறிபோயிருந்தன. பிப்ரவரித் தொடக்கத்தில் ஜொகூரிலிருந்து சுட்ட பீரங்கிகள் தெங்கா, செம்பவாங், சிலேத்தார் ஆகிய மூன்று தளங்களையும் பயனற்றவையாக்கின. எஞ்சியது காலாங் ஒன்றே. அங்கிருந்த கடைசிச் சண்டை விமானங்களும் பிப்ரவரி 10-ஆம் நாள் சுமத்ராவுக்குச் சென்றன. ஐந்தாம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது.

எஞ்சியவை எவை?

இன்று இத்திடல்களைக் காணச் செல்வோர் ஒரு விந்தையை உணர்வர். பயன்பட்ட திடல் உருமாறிற்று. பயன்படாத திடல் மறைந்தது. பெங்காலான் செப்பாவில் கோத்தா பாரு விமான நிலையம் இருக்கிறது. குவாந்தானிலும் அவ்வாறே. கோங் கெடாக் இன்று மலேசிய விமானப்படைத் தளம். கைவிடப்பட்டவற்றைச் செம்பனையும் குடியிருப்பும் மூடின.

காலாங் மட்டும் சற்றுப் பேறு பெற்றது. சதுப்பு நிலத்தைத் தூர்த்து 1937-இல் திறக்கப்பட்ட அந்நிலையம் 1955-இல் மூடப்பட்டது. கண்ணாடிக் கோபுரத்துடன் கூடிய அதன் முனையக் கட்டடம் 2008-இல் பாதுகாக்கப்படும் கட்டடமாயிற்று. ஓல்ட் ஏர்போர்ட் ரோடு என்ற சாலைப் பெயரே அங்கு ஒரு கல்வெட்டு. டகோட்டா கிரசெண்ட் என்ற பெயரில் அக்காலத்து டகோட்டா விமானம் இன்னும் பறந்துகொண்டிருக்கிறது.

பிற இடங்களில் தேடுவோர் சில குறிப்புகளை மனத்திற் கொள்ளலாம். வளைந்து செல்லும் கம்பத்துச் சாலை காரணமின்றி நேர்கோடாக நீளும் இடம் பழைய ஓடுபாதையாக இருக்கக் கூடும். குதிரை இலாட வடிவில் நிற்கும் மண்மேடு, விமானத்தைக் குண்டுச் சிதறலிலிருந்து மறைத்த காப்புச் சுவராகலாம். மலாய் மக்கள் 'கூபு' என்றழைக்கும் காங்கிரீட் அரண்கள் எத்திசை நோக்கிச் சுடும் துளைகளைக் கொண்டுள்ளன என்று பார்த்தால், எதிரி எங்கிருந்து வருவான் என அன்று எண்ணினர் என்பது விளங்கும். வயதான கிராமத்தாரிடம் கேட்டால் ஏட்டில் இல்லாத செய்தி கிடைக்கும். துருவேறிய இரும்புப் பொருள் தென்பட்டால் தொடாது காவல்துறைக்கு அறிவித்தல் வேண்டும். வெடிக்காத குண்டுகள் இந்நாட்டு மண்ணில் இன்னும் அகப்படுகின்றன. சபாக் கரையிலோ நாளுக்கு நாள் கடல் நிலத்தைத் தின்று வருகிறது. அரண்களுக்கு அது காத்திருக்கப் போவதில்லை.

பெயரற்றவர்கள்

இத்திடல்களுக்காக மாண்ட வீரர்களை நாடு அடியோடு மறந்துவிடவில்லை. ஸ்கார்ஃபின் கல்லறை தைப்பிங் போர்க் கல்லறையில் உள்ளது. கிராஞ்சி நினைவகத் தூண்களில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் எத்தனையோ!

ஆனால் திடலை அமைத்த கைகள் யாருடையவை? மலாயாவில் சாலையும் இரயில் பாதையும் போட்ட பொதுப்பணித் தொழிலாளருள் தமிழர் பெருந்தொகையினர். காட்டை வெட்டி, மேட்டைக் குறைத்து, பள்ளத்தை நிரப்பும் வேலையில் அவர்களும் சீனரும் மலாய்க்காரரும் ஈடுபட்டனர். குண்டு விழத் தொடங்கியதும் தொழிலாளர் கலைந்து ஓடினர் என்று இராணுவ அறிக்கைகள் குறை கூறுகின்றன. தலைக்கு மேல் காக்க விமானமும் இன்றி, கையில் ஆயுதமும் இன்றி இருந்தவன் வேறென்ன செய்வான்? ஓடினார்கள் என்பதை எழுதி வைத்த ஏடு, உழைத்தவர்களின் பெயரை எழுதி வைக்கவில்லை. அவர்களுக்குத் தூணும் இல்லை; கல்லும் இல்லை.

அவர்கள் விட்டுச் சென்ற ஒரே சாசனம் அந்தச் சமன் செய்த நிலந்தான். ஆதலின் எஞ்சிய அரண்களைப் பேணுவது அரசின் கடமையாயின், பாட்டனாரும் பாட்டியாரும் கூறிச் சென்ற செய்திகளைக் குறித்து வைப்பது நம் கடமை. 'எங்கள் தாத்தா அந்தத் திடலில் மண் சுமந்தார்' என்று சொல்லக் கூடிய குடும்பங்கள் இன்னும் நம்மிடையே இருக்கலாம். அந்த ஒரு வரியை ஊர்ப் பெயரோடும் ஆளின் பெயரோடும் எழுதி வைத்தால், இராணுவ ஏடுகள் விட்டுவிட்ட இடம் அந்த அளவுக்கேனும் நிரம்பும்.